ஊர்தியின் மேற்கட்டி

வெள்ளை கட்டுதல் என்னும் வழக்கம் யாழ்ப்பாணத்தவர்க்குப் புதிதன்று. மணவீடாயினும் மரணவீடாயினும், கூரையின் கீழே வெளுத்த துணிகளை இணைத்துக் கட்டி, மேலிருந்து தூசும் பூச்சியும் கீழிருப்பார்மீது விழாதவாறு காத்தல் நெடுங்காலமாக வந்த முறை. அத்துணிக்கு மேற்கட்டி என்று பெயர். விதானம் என்பதும் அதுவே. (பழைய காலத்து விதானையாருக்கும் இவ்விதானத்துக்கும் யாதேனும் உறவுண்டோ என்பதை யாம் ஈண்டு ஆராயப் புகுந்திலேம்.) மோட்டார் வண்டியின் கூரைத் தகட்டின் கீழே அமைந்துள்ள துணியைக் கொழும்பிற் குஷன் வேலை செய்வோர் 'ஹெட் லைனிங்' என்பர். அதனையும் மேற்கட்டி என்று வழங்கினால் வழுவாகாது என்பது எம் கருத்து.

அம்மேற்கட்டி பழுதுற்றால் அதனை மாற்றுமாறு எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் பொருள். தமிழாசிரியனுக்கு இவ்விடயத்தில் என்ன வேலை என்று பழைய மாணவர் சிலர் நகைக்கக்கூடும். வெள்ளவத்தையில் வாழும் எமது பழைய மாணவர் ஒருவர், 1980-களில் வெளிவந்த நான்கு கதவு ரேஞ்ச் ரோவர் வண்டியொன்றைச் சில ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகச் செப்பனிட்டு வருகின்றார். பசை பூசிய துணியைத் தனியொருவர் விரித்தல் இயலாது. மறுமுனையைப் பிடிப்பதற்கு ஓர் ஆள் வேண்டும். அவ்வாளாகச் சென்றவன் யான். முதன்முறை பிழைத்தோம், இரண்டாம் முறை தேறினோம். பிழைத்த கதையிலேயே பாடம் மிகுதியாதலின் அதனையும் மறையாது எழுதுகின்றேன்.

பழைய வண்டிகளைப் பேணுதல் செல்வர் சிலரின் பொழுதுபோக்கு என்று முன்னர் எண்ணியிருந்தோம். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அத்தடை நீங்கியது 2025 பெப்ரவரியிலேயே. அவ்வைந்தாண்டுக் காலத்திற் கையிலிருந்த வண்டியை ஓடவைக்க அறிந்தவரே வண்டியுடையவராயினர்.

இவ்வூர்தியின் குலவரலாற்றைச் சிறிது கூறவேண்டும். இங்கிலாந்தின் ரோவர் கம்பெனியில் மோரிஸ் வில்க்ஸ் என்பவர் 1947-இல் எண்ணித் தொடங்கிய லாண்ட் ரோவர், 1948 ஏப்ரல் 30-ஆந் திகதி அம்ஸ்ரர்டாம் கண்காட்சியில் வெளியிடப்பட்டது. போருக்குப் பின் உருக்குக்குத் தட்டுப்பாடு நிலவியமையால் அதன் உடல் அலுமினியக் கலவைத் தகட்டால் ஆயது. அதற்கு மேற்கட்டி ஏது? மேலே படங்கு, அதற்கு மேலே வானம். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் ஓடிய அவ்வண்டிகளைக் கண்டவர் இம்மலரின் வாசகரிற் பலர் இருப்பர். பின்னர்ப் பயணிகள் இருந்து செல்லத்தக்க மூடுகூரை வண்டிகள் வந்தபோது, வெப்ப நாடுகளைக் கருதி ஓர் அரிய உபாயம் செய்தனர். கூரைத் தகட்டின்மேல் இன்னொரு தகட்டைச் சிறிது இடைவெளி விட்டுப் பொருத்தினர். வெயில் மேற்றகட்டைச் சுடும். இடையே காற்று ஓடும். உள்ளிருப்பார்க்குச் சூடு குறையும். ஓலைக் குடிசையின் குளிர்ச்சியை அறிந்த எமக்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும்.

1970 ஜூனில் ரேஞ்ச் ரோவர் வெளிவந்தது. சேற்றிலும் ஓடவேண்டும், பெருந்தெருவிலும் சொகுசாக ஓடவேண்டும் என்பது அதன் நோக்கம். தொடக்கத்தில் வந்த வண்டியின் தரையை நீர் பாய்ச்சிக் கழுவலாம். நான்கு கதவு வண்டி 1981-இல் வந்தது. வரவரச் சொகுசு பெருகிற்று; தரையிற் கம்பளமும் வந்தது. எமது நண்பரின் வண்டியில் மேற்கட்டி ஒட்டுத் துணியாகவே அமைந்திருந்தது. துன்பமும் அங்கேதான் தொடங்கிற்று.

அம்மேற்கட்டி மூன்று அடுக்குடையது. கண்ணுக்குத் தெரிவது துணி. அதன் முதுகில் ஏறத்தாழ மூன்று மில்லிமீற்றர் கனமுள்ள பஞ்சு; கடைக்காரர் ஸ்பொஞ்ச் என்பர். பஞ்சுக்கு மேலே, கூரையின் வளைவுக்கேற்பக் கண்ணாடி இழையால் வார்த்த ஒரே ஓடு. துணி பஞ்சுடன் இணைந்தது. பஞ்சு ஓட்டுடன் ஒட்டப்பட்டது. பழைய வண்டிகளில் துணி வயிறு தள்ளித் தலையில் இடிப்பதைக் கண்டிருப்பீர்கள். பசை விட்டுவிட்டது என்றே யாவரும் கூறுவர். யாமும் அவ்வாறே கூறினோம். துணியை உரித்துப் பார்த்தபோதுதான் உண்மை புலனாயிற்று. துணியின் முதுகிலும் பஞ்சுத்தூள். ஓட்டின் வயிற்றிலும் பஞ்சுத்தூள். பசை இரண்டிடத்தும் தன் கடமையைச் செய்தே இருந்தது. நடுவிலிருந்த பஞ்சே இரண்டாகப் பிளந்து உதிர்ந்தது.

இதன் காரணத்தை விஞ்ஞானம் பயிலும் மாணவர் அறிதல் நன்று. இப்பஞ்சு பொலியூரித்தேன் என்னும் பொருள். அதனை ஜெர்மனியில் ஒட்டோ பேயர் என்பவரும் அவருடன் உழைத்தவரும் 1937-இல் ஆக்கினர். நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளால் ஆயது அது. வெப்பமும் காற்றிலுள்ள ஈரமும் கூடும்போது நீர் அச்சங்கிலியைக் கண்ணி கண்ணியாக அறுக்கின்றது. முதலிற் பிசுபிசுக்கும், பின்னர்த் தூளாகும். ஆண்டில் ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெய்யும் கொழும்பிலே, வெயிலில் நின்று கொதிக்கும் வண்டிக்குள், இப்பஞ்சு நெடுநாள் வாழும் என்று எதிர்பார்த்தல் பேதைமை.

இஃது அறியாமையால் மக்கள் செய்யும் சிகிச்சைகள் பல. குண்டூசி குத்துவர், தையல் ஊசியாலே தைப்பர், மருத்துவரின் ஊசிக்குழலிற் பசை ஏற்றித் துணிக்குள் செலுத்துவர். பசை, தூளைத் தூளோடு ஒட்டும், ஓட்டோடு ஒட்டாது. பின்னர்த் துணியிற் கறையும் ஊறும். எமது நண்பர் இம்மூன்றையும் செய்து முடித்த பின்னரே எம்மை அழைத்தார்.

துணியைத் தொடுமுன் கூரையைத் தொடவேண்டும். உள்ளே ஒருவர் மின்சூளுடன் இருக்க, வெளியே ஒருவர் நீரை மெல்ல வார்த்தல் வேண்டும். கீழிருந்து தொடங்கி மேலே செல்க. எடுத்த எடுப்பில் உச்சியில் வார்த்தால் நீர் எங்கும் பரந்து, எவ்வழி புகுந்தது என்று தெரியாது போகும். முன்கண்ணாடியின் இறப்பர், கூரைத் தகடுகளின் பொருத்து, வானொலிக் கம்பிக்கு இட்ட துளை ஆகிய மூன்றும் ஐயத்துக்குரியன. அலுமினியமும் உருக்கும் சந்திக்கும் இடங்களில் உப்புக்காற்று மின்கலம்போல் வேலை செய்து, அலுமினியத்தை வெண்பொடியாக்கும். கடலுக்கும் காலி வீதிக்கும் நடுவே வாழும் வெள்ளவத்தை மக்கள் தம் வீட்டுச் சன்னற் சட்டங்களில் இதனைக் கண்டிருப்பர். மழையில்லாத நாளிலும் காலையில் ஓட்டின் மேற்புறம் ஈரமாயிருந்தால் அது ஒழுக்கன்று. குளிர்ந்த தகட்டிற் படிந்த பனி. அதற்குச் சன்னலைச் சிறிது திறந்து விடுதலே மருந்து.

அடுத்தது ஓட்டைக் கழற்றுதல். மின்கலத்தின் இணைப்பை முதலில் நீக்குக. வெயில்மறைப்பு, கைபிடி, விளக்கு, தூண்களின் மூடிகள் என்பவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொன்றின் திருகாணிகளையும் தனித்தனிக் கடித உறையிலிட்டுப் பெயரெழுதி வைக்க. முன்னிருக்கைகளைச் சாய்த்து, பின்கதவின் மேற்பாதியை உயர்த்தி, அவ்வழியே ஓட்டை நேராக வெளியே எடுத்தல் வேண்டும்.

யாம் அவ்வாறு செய்தோமா? இல்லை. வண்டி சுவரோரமாக நின்றது, பின்புறம் இடமில்லை. அதனை நகர்த்தச் சோம்பிப் பக்கக் கதவால் இழுத்தோம். 'படக்' என்றொரு சத்தம். மூலையிலே ஒரு சாண் நீளம் பிளந்தது. நண்பர் வாய் திறந்திலர், யானும் திறந்திலேன். மறுநாள் பஞ்சிகாவத்தைக்குச் சென்று கடைகடையாக விசாரித்தோம். எந்த நாட்டு வண்டியின் எந்த உறுப்பும் கிடைக்கும் என்று பெயர்பெற்ற அவ்விடத்தும் எமக்கு இவ்வோடு கிடைத்திலது. துணி போனால் எந்தத் துணிக்கடையிலும் வேறு வாங்கலாம், பசையும் அத்தகையதே. இவ்வேலையில் ஈடற்ற பொருள் கண்ணுக்குத் தெரியாத அவ்வோடு ஒன்றே. அதனை உடைத்த பின்னரே அறிந்தோம்.

நல்லகாலமாக, இந்நாட்டு மீன்பிடி வள்ளங்கள் பல கண்ணாடி இழையால் ஆனவை. வள்ளம் பழுதுபார்ப்பார்க்கு வேண்டிய இழைப்பாயும் பிசினும் கடைகளிலே கிடைக்கும். அவற்றை வாங்கி, பிளவின் மேற்புறத்தில், அதாவது துணி ஒட்டாத பக்கத்தில், இரண்டு படை ஒட்டினோம். கீழ்ப்புறத்தில் ஒட்டினால் மேடு தோன்றும். மெல்லிய துணி அம்மேட்டை ஊருக்கெல்லாம் காட்டிக் கொடுக்கும்.

பின்னர்ப் பழம்பஞ்சைச் சுரண்டல். கம்பித் தூரிகை கூடாது. அஃது ஓட்டின் இழைகளைக் கிளப்பிவிடும். நைலோன் தூரிகையால் உலர்ந்தபடியே தேய்த்து, ஒரு துகளும் எஞ்சாதவாறு நீக்குக. வாய்க்கும் மூக்கிற்கும் கவசம், கைக்கு நீண்ட சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி ஆகியவை இன்றியமையாதன. கண்ணாடி இழை தோலிற் பட்டால் இரண்டு நாள் அரிக்கும். எமக்கு இரண்டு நாளும் வகுப்பிலே சொறிந்துகொண்டிருக்க நேர்ந்தது. மாணவர் கண்டுகொள்ளாதது போலிருந்தனர்.

இனிப் பசை. முதன்முறை யாம் ஒட்டியது ஒக்டோபர் மாதத்து மழைநாளொன்றில். வாசலிற் படங்கு கட்டி, அதன் கீழே செய்தோம். அழகாக ஒட்டிற்று. மூன்றாம் வாரத்தில் நடுவிலே வயிறு விட்டது. கொட்டாஞ்சேனையில் நெடுங்காலமாகக் குஷன் வேலை செய்யும் முதியவர் ஒருவரிடம் காட்டினோம். அவர் துணியைத் தடவிப் பார்த்து, "மழை நாள்ல ஒட்டினீங்களா, சேர்?" என்று கேட்டார். அவ்வொரு வினாவில் எல்லாம் அடங்கிற்று.

தெளிக்கும் பசையிலுள்ள கரைப்பான் விரைந்து ஆவியாகும். ஆவியாகும் பொருள் தானிருந்த பரப்பைக் குளிரச் செய்யும். மண்பானையில் நீர் குளிர்வதும் இவ்விதியாலேயே. காற்றில் ஈரம் மிகுந்த நாளில், குளிர்ந்த பசைமீது கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம் படிகின்றது. அப்படலத்தின்மேல் துணியை வைத்தால் பசை பசையைத் தொடாது. இடையே நீர் நிற்கும். ஆதலால் மழையற்ற நாளில், முற்பகல் ஏறிய பின், காற்றோடும் இடத்தில் இதனைச் செய்க. கரைப்பானின் ஆவி தீப்பற்றுவது, மூச்சுக்கும் கேடு. அடைத்த அறையும் அருகில் அடுப்பும் ஆகா.

பசையிலும் தரமுண்டு. சாதாரணப் பசை வெயிலில் நின்ற வண்டியின் கூரைச் சூட்டில் இளகிவிடும். ஏறத்தாழ 70 பாகை செல்சியஸ் தாங்கும் என்று குறிக்கப்பட்டதையே கேட்டு வாங்குக. விலை கூடுதல்தான், இரண்டு முறை வாங்குவதிலும் குறைவு.

துணி ஒன்றரை மீற்றர் அகலத்தில் மூன்று மீற்றர் வாங்கினோம். ஓட்டைக் கவிழ்த்து மேசைமேல் வைத்து, துணியை முழுதும் விரித்து நேர்பார்த்து, முற்பாதியைப் பின்னே மடித்துக்கொண்டோம். ஓட்டின் பாதிக்கும் துணியின் முதுகுக்கும் பசை தெளித்து, விரலால் தொட்டால் நூலிழுக்காது ஒட்டும் நிலை வரும்வரை பொறுத்தோம். பின்னர் நடுவிலிருந்து ஓரத்துக்கு, உள்ளங்கையால் மெல்லத் தடவிச் சென்றோம். குழியுள்ள இடங்களிலே துணியை இழுத்தல் தகாது. இழுத்தால் பின்னர்க் குழியைத் தாண்டிப் பாலம்போல் எழும்பி நிற்கும். துணியைத் தளரவிட்டுக் குழிக்குள் அழுத்துக. மற்றப் பாதியும் அவ்வாறே. விளிம்பில் மூன்று விரலகலம் விட்டு வெட்டி, பின்புறம் மடித்து ஒட்டினோம். விளக்கின் துளைகளை இறுதியில் வெட்டுக. முந்தி வெட்டியவன் பிந்தி வருந்துவான் என்று அம்முதியவர் கூறியதை யாம் சோதித்துப் பார்த்திலேம்.

துணியின் நிறம் பற்றி நண்பருக்கும் எமக்கும் சிறு வழக்கு நேர்ந்தது. கடையிலே கறுப்பு வெல்வெற்றைக் காட்டினர், பார்வைக்கு எடுப்பாயிருந்தது. நண்பர் மயங்கினார். 1948-இல் அம்ஸ்ரர்டாமிற் காட்டிய லாண்ட் ரோவர் வண்டிகளுள் ஒன்று சொலிஹல் நகருக்கு அண்மையிற் சிதைந்த நிலையிற் கண்டெடுக்கப்பட்டதையும், 2018-இல் அதனைச் செப்பனிடப் புகுந்த கம்பெனியார் பழைய வண்ணப்பூச்சின் தேய்வையும் அழியாது பேண முனைந்ததையும் அவருக்கு எடுத்துரைத்தேன். அத்துணைத் தூரம் யாம் செல்ல வேண்டியதில்லை. ஆயினும் வண்டி பிறந்தபோதிருந்த இளஞ்சாம்பல் நிறத்தையாவது விடாதிருக்கலாம் அன்றோ? நண்பர் இணங்கினார். பழந்துணியின் வெயில் படாத துண்டொன்றை வெட்டியெடுத்துச் சென்று, அதனோடு ஒப்பிட்டே வாங்கினோம்.

ஒட்டிய ஓட்டை ஒருநாள் அசையாது வைத்து, மறுநாள் வண்டியைச் சுவரைவிட்டு நகர்த்திப் பின்கதவாலேயே ஏற்றினோம். கடித உறைகளிலிருந்த திருகாணிகள் யாவும் சரியாக அமைந்தன, ஒன்று மிஞ்சிற்று. அஃது எவ்விடத்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

இவை நிகழ்ந்து இரண்டு மாரி கழிந்துவிட்டது. துணி ஓரிடத்தும் தொங்கவில்லை. சென்ற மாதப் பெருமழைக்குப் பின் முன்மூலையில் விரலளவு மஞ்சட் கறையொன்று கண்டோம். முன்கண்ணாடியின் இறப்பரை மாற்றுவதற்கு நண்பர் நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார், மழை விடவேண்டும்.