செம்பட்டையான தலைக்கு மருதாணியா?

கேள்வி: தம்பி கல்யாணத்துக்காகப் பார்லரில் பிரவுன் கலர் அடித்தேன். தலை செம்பட்டையாகிவிட்டது. மருதாணி போட்டு மறைக்கலாமா? – ஒரு வாசகி, விருத்தாசலம்

பதில்: வேண்டவே வேண்டாம். மருதாணி அந்தச் செம்மையை இன்னும் ஏற்றிவிடும். பாக்கெட்டில் வரும் ‘கறுப்பு மருதாணி’ பலவற்றில் பிபிடி என்ற சாயம் கலந்திருக்கும். அரிப்பு, வீக்கம் வரலாம்.

உங்கள் ஊர்ப் பீங்கான் சூளைக்காரர்களைக் கேளுங்கள்: பூசும்போது ஒரு நிறம், வெந்து வரும்போது வேறு நிறம். முடியும் அப்படித்தான். கலரில் உள்ள பெராக்சைடு கறுப்பை வெளுக்க, அடியிலிருக்கும் செம்மஞ்சள் தலைகாட்டுகிறது. அதை அடக்குவது நீலச் சாயல் டோனர்.

சீக்கிரமே அதே பார்லருக்குப் போய், பகல் வெளிச்சத்தில் காட்டுங்கள். சண்டை வேண்டாம், டோனரோ, ஒரு ஷேடு அடர்த்தியான கலரோ கேளுங்கள். ‘மறுபடி பிளீச்’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

கைவிரித்தால் நுகர்வோர் உதவி எண் 1915. பில்லும் போட்டோவும் முக்கியம். டெல்லி ஓட்டல் சலூனில் முடியைத் தவறாக வெட்டியதற்கு 2021-ல் தேசிய நுகர்வோர் ஆணையம் 2 கோடி ரூபாய் விதித்தது. ஆதாரம் போதாதென்று 2023-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தொகையை ரத்து செய்தது. நீங்கள் கட்டிய காசைக் கேளுங்கள், போதும்.

தலையில் எரிச்சல் இருந்தால் முதலில் தோல் மருத்துவர், பிறகுதான் பார்லர்.