செயற்கைக்கோள் வழி ஹாம் வானொலி: கேட்டலே முதற்படி

1961 டிசம்பரில் ஆஸ்கார் 1 ஏவப்பட்ட நாள் முதல் ஹாம் வானொலியினர் செயற்கைக்கோள்களைப் பயன்படுத்தி வருகின்றனர். இத்துறைக்குப் புதிதாக வருவோர் பெரும்பாலும் ஒலிபரப்பும் திறனைக் கூட்டுவதிலேயே கருத்தைச் செலுத்துகின்றனர். ஆனால் தொடர்பு கிட்டாமற்போவதற்குக் காரணம் பெரும்பாலும் கேட்கும் பக்கத்திலேயே இருக்கிறது என்பது பழகியோர் அறிந்த செய்தி.

பன்னாட்டு விண்வெளி நிலையத்திலுள்ள ரிப்பீட்டர், அதாவது ஓர் அலைவரிசையில் வரும் குரலை வாங்கி மற்றோர் அலைவரிசையில் திருப்பியனுப்பும் கருவி, பயிற்சிக்கு ஏற்றது. அது 145.990 மெகாஹெர்ட்ஸில், 67 ஹெர்ட்ஸ் தொனியுடன் வரும் குரலை ஏற்று, 437.800 மெகாஹெர்ட்ஸில் திருப்பியனுப்புகிறது. நிலையம் உச்சிக்கு வருகையில் ஏறத்தாழ 400 கி.மீ. தொலைவிலும், அடிவானத்தில் தோன்றுகையில் 2,000 கி.மீ.க்கும் அப்பாலும் இருப்பதால், தொடக்கத்தில் ஒலி மிக மெலிந்தே வரும். ஆகவே இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச் அமைப்பை முழுவதும் திறந்து வைத்துக் கேட்பதே முறை. இரைச்சல் காதை உறுத்தும்தான்; ஆயினும் அதை அடக்கினால் மெல்லிய குரலும் உடன் அடங்கிவிடும்.

அடுத்துக் கருதத்தக்கது டாப்ளர் விளைவு, அதாவது அலையை அனுப்பும் பொருள் நெருங்குகையில் அதிர்வெண் கூடியும் விலகுகையில் குறைந்தும் தோன்றுதல். நிலையம் நொடிக்கு ஏழு கி.மீ.க்கும் கூடுதலான வேகத்தில் செல்வதால், அதன் ஒலிபரப்பு முதலில் 437.810 மெகாஹெர்ட்ஸை ஒட்டிக் கேட்கத் தொடங்கி, 437.790 வரை இறங்குகிறது. இவ்விறக்கம் சீரானதன்று, நிலையம் மிக அருகில் கடக்கும் ஓரிரு நிமிடங்களிலேயே அதன் பெரும்பகுதி நிகழ்வதால், ஐந்து கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் ஐந்து அலைவரிசைகளை முன்னரே கருவியில் பதிந்து வைத்தல் நன்று. ஏறுவழியில், அதாவது நாம் நிலையத்துக்கு அனுப்பும் அலையில், மாற்றம் மூன்று கிலோஹெர்ட்ஸ் அளவே என்பதால், எஃப்.எம். முறையில் அதைத் திருத்த வேண்டுவதில்லை.

ஆன்டெனாவைப் பொறுத்தவரை, கையில் ஏந்தும் சிறு யாகி, அதாவது ஒரு திசையை நோக்கிப் பிடிக்கும் ஆன்டெனா, போதும். ஆன்டெனாவைத் தானே திருப்பும் விலை மிக்க சுழற்றிகளைத் தொடக்கத்திலேயே வாங்குவது வீண்செலவு. குரல் திடீரென மங்கினால், திசையை மாற்றுமுன் ஆன்டெனாவை அதன் அச்சிலேயே கால்வட்டம் திருப்பிப் பார்க்க வேண்டும். வரும் அலையின் தளமும் ஆன்டெனாவின் தளமும் பொருந்தாமையே பலவேளை மங்கலுக்குக் காரணமாகிறது.

ஒலிபரப்புவதற்கு உரிமம் கட்டாயம். நிலையம் வானைக் கடக்கும், ஏறத்தாழ பத்து நிமிடங்களில் முடிந்துவிடும் ஒரு கடப்பைப் பலரும் பகிர்ந்துகொள்வதால், அழைப்புக்குறியையும், சென்னைக்கு என்கே03 என்பதுபோல் நிலப்பரப்பைக் கட்டங்களாகப் பகுத்துக் குறிக்கும் இடக்குறியீட்டையும் மட்டும் கூறி, அடுத்தவருக்கு வழிவிடுவதே வழக்கம்.