சொத்துரிமை: சட்டம் மாறினால் அநீதி மாறுமா?

1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு, பெண்களுக்குச் சம சொத்துரிமை கோரியது. அன்று நம் அம்பத்தூரும் செங்கல்பட்டு மாவட்டமே. 1989 தமிழ்நாட்டுச் சட்டத்திருத்தம் இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு தந்தது, 25.3.1989க்கு முன் மணமானவர்களுக்குத் தரவில்லை. 2005 மத்தியத் திருத்தம் அத்தடையை நீக்கியது.

இங்கே குற்றவாளி தனியொருவர் அல்லர். சட்டமும் வழக்கமும் ‘சீர் செய்தாயிற்றே’ என்ற பேச்சும் சேர்ந்தே அநீதியைத் தாங்கின. ஐரிஸ் மரியன் யங் இதைக் கட்டமைப்பு அநீதி என்றார்.

செயல்பாடு: பாகம் பிரியாத சொத்து, ஓர் அண்ணன், 1988இல் மணமான அக்கா, 1990இல் மணமான தங்கை. 1991இல் யாருக்குப் பங்கு? 2006இல்? குழுவாகப் பேசட்டும். மாணவரின் சொந்த வீட்டு விவரம் கேட்க வேண்டாம்.

சிந்தனை வினா: உரிமை கிடைத்த பிறகும் தங்கை விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திடுவது ஏன்?