பெயரும் எண்ணும்

ஒரு பொருளுக்குக் காரணம் கருதி இட்ட பெயரைக் காரணப்பெயர் என்றும், காரணம் கருதாது இட்டு வழங்கும் பெயரை இடுகுறிப்பெயர் என்றும் இலக்கண நூலார் வகுத்தனர். மக்கள் பேசும் மொழிக்குப் பெயர் இருப்பது போலவே, கணினிக்குக் கட்டளையிடும் நிரல்மொழிக்கும் பெயர் உண்டு. அத்தகைய மொழி ஒன்றின் பெயரோடு சேர்ந்த ஓர் எண், பல்லாண்டுக் குழப்பத்திற்குக் காரணமாயிற்று.

அமெரிக்கரான லாரி வால் மொழியியல் பயின்றவர். அவர் 1987ஆம் ஆண்டு ஒரு நிரல்மொழியை வெளியிட்டார். முத்து என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல்லை அதற்குப் பெயராக இட எண்ணினார். ஆனால், அப்பெயரில் வேறொரு நிரல்மொழி முன்னரே இருந்தது. எனவே, அச்சொல்லில் ஓர் எழுத்தைக் குறைத்துப் 'பெர்ல்' என்று பெயரிட்டார். தொடக்கத்திலேயே பெயர்க்குழப்பம் இவ்வாறு தவிர்க்கப்பட்டது.

1994இல் பெர்ல் 5 வெளிவந்தது. இணையம் பரவத் தொடங்கிய அக்காலத்தில், வலைத்தளங்களை அமைக்க நிரலாளர் பலர் அதனைக் கையாண்டனர். பழைய குறைகளைக் களைந்து மொழியைப் புதிதாக வடிவமைக்கும் நோக்குடன், 2000ஆம் ஆண்டு பெர்ல் 6 அறிவிக்கப்பட்டது. பணி நெடிது நீண்டது. அதன் முதல் நிலையான பதிப்பு 2015 டிசம்பரில்தான் வெளிவந்தது. அதற்குள் அது வேறொரு மொழியாகவே வளர்ந்திருந்தது. பெர்ல் 5இல் எழுதிய நிரல் அதில் அப்படியே இயங்காது.

இதற்கிடையே பெர்ல் 5உம் வளர்ச்சி குன்றவில்லை. 5.10, 5.12 எனப் புதிய பதிப்புகள் தொடர்ந்து வந்தன. ஆயினும், ஐந்துக்குப் பின் ஆறு என்பதே உலக வழக்கு. ஆகவே, பெர்ல் 5 காலங்கடந்தது எனப் பலர் கருதினர். அதனைப் பேணியோர் எத்துணைப் பெரிய மாற்றம் செய்யினும், அடுத்த எண்ணாகிய ஆறினைச் சூட்ட இயலவில்லை. பெர்ல் 6ஐ உருவாக்கியோர்க்கும் மனக்குறை இருந்தது. அவர்தம் புதிய மொழியைப் பழையதன் திருத்தப்பதிப்பு என்றே பிறர் எண்ணினர். இரண்டும் உடன்பிறந்த மொழிகள் என இருசாராரும் விளக்கியும், அவ்விளக்கத்தினும் எண்ணே முந்திச் சென்றது.

நீண்ட விவாதத்திற்குப் பின், 2019 அக்டோபரில் லாரி வாலின் இசைவோடு பெர்ல் 6 'ராக்கு' எனப் பெயர் மாற்றம் பெற்றது. அம்மொழிக்குரிய நிரல்பெயர்ப்பியின் பெயர் 'ராக்குடோ'. ஜப்பானிய மொழியில் ஒட்டகத்தைக் குறிக்கும் 'ரக்குடா' என்னும் சொல்லோடு அது தொடர்புடையது. ஒட்டகமோ பெர்ல் மொழியின் சின்னம். இவ்வாறு தனிப்பெயர் பெற்ற பின்னும், பழைய உறவின் சுவடு புதிய பெயரில் நிலைத்தது.

எண்ணை மட்டும் நோக்கி ஒன்றைப் பழையது என ஒதுக்குதல் தவறு. அதன் இயல்பை ஆராய்ந்தே மதிப்பிடுதல் வேண்டும்.

சொற்பொருள்
நிரலாளர் – கணினிக்குக் கட்டளைத் தொடர் எழுதுவோர்
இசைவு – உடன்பாடு
சுவடு – அடையாளம்

வினாக்கள்
1. 'பெர்ல்' என்னும் பெயரில் ஓர் எழுத்து குறைந்தது ஏன்?
2. ஆறு என்னும் எண்ணால் இருசாராரும் அடைந்த இடர்கள் யாவை?
3. 'ராக்கு' காரணப்பெயரா, இடுகுறிப்பெயரா? காரணம் காட்டி எழுதுக.