குழந்தைக்குக் கீமோ நடக்கும் வீடு

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது ரத்தப் புற்றுநோய். அதிலும் ஏ.எல்.எல். என்று டாக்டர்கள் சுருக்கிச் சொல்லும் வகைதான் முதலிடம். முறையாக வைத்தியம் பார்த்தால் பெரும்பாலான பிள்ளைகள் குணமாகிவிடுகிறார்கள். ஆனால் சிகிச்சை 2 முதல் 3 ஆண்டுகள் இழுக்கும், அதில் பாதிக்கு மேல் வீட்டில்தான் கழியும். அந்த நாட்களை எப்படி ஓட்டுவது என்று பார்ப்போம். உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

முதலில் வேலையைப் பிரியுங்கள்

ஒருவர் ஆஸ்பத்திரிக்கு, ஒருவர் வீட்டுக்கு. இருவரும் இரண்டு இடத்திலும் நின்றால் இரண்டு வாரத்தில் இருவருமே படுத்துவிடுவார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிறவரிடம் ஒரு நோட்டு இருக்கட்டும். தேதி, காய்ச்சல் அளவு, கொடுத்த மருந்து, மலம் போனதா, அன்றைய கவுன்ட் (ரத்த அணுக்களின் எண்ணிக்கை) எல்லாம் அதில் ஏறவேண்டும். பணிநேர டாக்டர் மாறிக்கொண்டே இருப்பார், நோட்டு மாறாது.

பண வேலையை வீட்டில் இருப்பவர் முதல் வாரத்திலேயே தொடங்கவேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். வி.ஏ.ஓ. தரும் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்து வையுங்கள். வெளியூரிலிருந்து அடையாறுக்கோ வேலூருக்கோ ரயிலில் போகிறவர்கள் ஆஸ்பத்திரியில் சலுகைச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் நோயாளிக்குக் கட்டணம் இல்லை, கூடப் போகும் ஒருவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி.

காய்ச்சல் வந்தால்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். கீமோ போட்டபின் வெள்ளை அணுக்கள் இறங்கும். அப்போது வரும் காய்ச்சல் மற்றப் பிள்ளைகளுக்கு வரும் காய்ச்சல் அல்ல, சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். டிஜிட்டல் தெர்மாமீட்டரை அக்குளில் வைத்துப் பாருங்கள். 100.4 ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரியைத் தொட்டால் உடனே கிளம்பவேண்டும், நள்ளிரவானாலும் சரி. பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியும்வரை பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். மருந்து காய்ச்சலை மறைக்கும், கிருமியைக் கொல்லாது. காய்ச்சலே இல்லாமல் பிள்ளை நடுங்கினாலும் துவண்டு கிடந்தாலும் இதே அவசரம்தான்.

இதற்கான ஏற்பாட்டை இன்றே முடித்து வைக்கவேண்டும். மாற்றுத்துணி, ஃபைலின் நகல், கொஞ்சம் ரொக்கம் போட்ட பை கதவோரம் இருக்கட்டும். இரவில் கூப்பிட்டால் வரும் ஆட்டோக்காரர் ஒருவரிடம் விஷயத்தைச் சொல்லி வையுங்கள். உங்கள் ஊர் தூரம் என்றால், பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியில் உடனே ரத்தம் எடுத்து ஆன்டிபயாடிக் ஊசி போடுவார்கள் என்று கேட்டு, உங்கள் டாக்டரிடம் ஒரு கடிதமும் வாங்கி ஃபைலில் செருகி வையுங்கள். அங்கே போனதும், "கீமோ பேஷன்ட், காய்ச்சல்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். வரிசையில் நிற்காதீர்கள்.

அடுக்களை

சூடாக, அப்போது சமைத்ததாக இருந்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. ஆவியில் வெந்த இட்லி, இடியாப்பம், குழைந்த பருப்புச்சோறு, முழுக்க வெந்த முட்டை, கொதித்து ஆறிய தண்ணீர், வாழைப்பழம், வீட்டில் உரித்த ஆரஞ்சு தரலாம். கவுன்ட் இறங்கிய நாட்களில் பழைய சோறு, கடைச் சட்னி, நறுக்கி விற்கும் பழம், பச்சை வெங்காயம் வேண்டாம்.

முதல் மாதம் ஸ்டீராய்டு மாத்திரை இருக்கும். நடுராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளை சாம்பார் சாதம் கேட்கும், கொடுத்தால் பத்து நிமிடம் கழித்துத் தோசை கேட்கும். கிடைக்காவிட்டால் தட்டைத் தூக்கி எறியும். அது மருந்தின் வேலை, வளர்ப்பின் குறை அல்ல. மாவைத் தயாராக வைத்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பாட்டிகளிடம் பேசவேண்டியது

வின்கிறிஸ்டின் என்ற ஊசி போட்டால் மலச்சிக்கல் வரும். வெற்றிலைக்காம்போ சோப்புத்துண்டோ வைப்பது நம் வீடுகளில் வழக்கம். இந்தப் பிள்ளைக்கு அது கூடவே கூடாது, ஆசனவாயில் சிறு கீறல் விழுந்தாலும் கிருமி ரத்தத்துக்குள் போய்விடும். டாக்டரிடம் சொல்லி சிரப் வாங்குங்கள். பிளேட்லெட் ஏற பப்பாளி இலைச்சாறு, காய்ச்சலுக்கு நிலவேம்பு என்று எவர் சொன்னாலும் டாக்டரைக் கேட்காமல் தராதீர்கள். முடி கொட்டும்போது மொட்டை போடலாம், சவரக்கத்தி வேண்டாம், மெஷின் போதும். குலதெய்வம் காத்திருக்கும், காதுகுத்தும் காத்திருக்கட்டும்.

மாத்திரைக் கணக்கு

சிகிச்சையின் பிந்தைய ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக வீட்டில் தரவேண்டிய மாத்திரைகள் இரண்டு: மெர்காப்டோபியூரின் தினமும் ஒரே நேரத்தில், மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரே ஒரு நாள். இரண்டாவதைத் தவறுதலாகத் தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து, அதனால் கிழமையை அட்டையிலேயே பெரிதாக எழுதுங்கள். பிள்ளை தெம்பாக ஓடியாடும் காலம் என்பதால் மாத்திரை மறந்துபோகும், அப்படித் தவறுவது நோய் திரும்பும் வாய்ப்பைக் கூட்டும். மாத்திரையை உடைக்கும்போதும், கீமோ முடிந்து இரண்டு நாள் வரை சிறுநீர், வாந்தியைத் துடைக்கும்போதும் கையுறை போடுங்கள்.

பிள்ளைகள், இருவரும்

ஊசிக்கு முன் "வலிக்காது" என்று சொல்லாதீர்கள். ஒரு தடவை பொய்யானால் அடுத்த தடவை நான்கு பேர் சேர்ந்து பிடிக்கவேண்டிவரும். "கொஞ்சம் வலிக்கும், நான் கையைப் பிடிச்சுக்கிறேன்" என்பதே போதும்.

அண்ணனோ அக்காவோ இருந்தால், "தம்பிக்கு வந்தது உன்னால இல்லப்பா, உனக்கு ஒட்டவும் ஒட்டாது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் மனதுக்குள் அதைத்தான் நினைத்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுடைய பள்ளி ஆசிரியரிடம், வகுப்பில் யாருக்காவது அம்மை போட்டால் அன்றே தகவல் தரும்படி கேளுங்கள். உங்கள் பிள்ளைகளில் எவராவது அந்தக் குழந்தையுடன் பழகியிருந்தால் அன்றே டாக்டருக்குச் சொல்லுங்கள், தடுப்பு மருந்தை நாள் கடத்தினால் பலன் குறையும். அண்ணன் தங்கைக்குப் போடவேண்டிய தடுப்பூசிகளையும் கேட்டுப் போடுங்கள், போலியோவுக்குச் சொட்டு மருந்துக்குப் பதில் ஊசி.

பார்க்க வரும் உறவினர்களுக்கு: ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பத்துப் பேராக வாசலில் வந்து நிற்காதீர்கள், சளி இருந்தால் வரவே வராதீர்கள். போன் செய்து, "மூத்தவனை ஒரு வாரம் ஸ்கூலுக்கு நான் கூட்டிப்போறேன் அண்ணி" என்று சொல்லுங்கள். ரத்தம் தர முடிந்தவர்கள் உங்கள் குரூப்பையும் போன் எண்ணையும் அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவிட்டுப் போங்கள்.