இசை வகுப்பில் வடிவமைப்புவழி ஆய்வு: சரளி வரிசை தரும் பாடங்கள்

பாடம் நடத்தும் முறையொன்றை உருவாக்கி, உண்மையான வகுப்பிலேயே நடத்திப் பார்த்து, கண்டதைக் கொண்டு திருத்தி, மறுபடியும் நடத்துவது வடிவமைப்புவழி ஆய்வு. 1992-இல் ஆன் பிரவுனும் ஆலன் காலின்ஸும் தனித்தனியே எழுதிய கட்டுரைகள் இதற்கு அடித்தளமிட்டன. இசைக் கல்விக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. பிள்ளை பாடிக் காட்டிய உடனே பாடம் பிடித்ததா இல்லையா என்பது காதில் விழுந்துவிடும்.

சிக்கலைக் குறுக்கிக்கொள்வதுதான் முதல் வேலை. 'தாள உணர்வை வளர்ப்பது' என்று தொடங்கினால் ஆறு மாதம் கழிந்தும் ஒன்றும் பிடிபடாது. முதல் சரளி வரிசையை எடுத்துக்கொள்ளலாம். ஏறி இறங்க 16 ஸ்வரங்கள். ஆதி தாளத்தில் முதல் காலத்துக்கு இரண்டு ஆவர்த்தனம், இரண்டாம் காலத்துக்கு ஒன்று, மூன்றாம் காலத்தில் லகுவின் நான்கு எண்ணிக்கைக்குள் வரிசை முழுவதும் முடிந்துவிடும். இரண்டாம் காலம் தொடங்கியதும் பல பிள்ளைகளுக்குக் கையும் சேர்ந்து ஓடுகிறது: ஸ்வரத்துக்கு ஒரு விரல் என்று மடங்கி, திருதத்தின் தட்டு நேரத்துக்கு முன்பே விழுந்துவிடுகிறது. ஆய்வுக்கு இந்த ஓர் இடமே போதும்.

அடுத்தது ஊகம். 'பிள்ளை கையை ஸ்வரத்தோடு கட்டிவைத்திருக்கிறது. சுருதியின் சுமை இல்லாமல் தக, தகதிமி என்று சொற்கட்டாகச் சொன்னால் கை தனியே நிற்கும்' என்று, வகுப்புக்கு முன்பே தேதியிட்டு எழுதிவைக்க வேண்டும். பின்னால் எழுதப்படும் ஊகம், நடந்ததற்கு ஏற்பத் தானாக வளைந்துகொள்ளும். சொற்கட்டில் நின்ற கை ஸ்வரம் சேர்ந்ததும் மறுபடி ஓடினால் அந்தச் சுற்று வீணாகிவிடவில்லை. சிக்கல் சொல்லிலிருந்து பாட்டுக்குப் போகும் இடத்தில் இருக்கிறது என்று அது காட்டுகிறது. அடுத்த சுற்றில் பாதிப் பேர் தாளம் போட, மீதிப் பேர் பாடலாம். ஒரு சுற்றில் ஒரு மாற்றம்தான். சுருதியைக் குறைத்து, உட்காரும் வரிசையையும் மாற்றி, சொற்கட்டையும் புகுத்தினால் எது வேலை செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆசிரியரே ஆய்வாளராகவும் இருக்கும்போது மிகப் பெரிய தடை அவருடைய குரல்தான். கூடவே பாடுவது நம் வழக்கம். அந்தக் குரலைப் பற்றிக்கொண்டு வகுப்பு முழுவதும் சரியாகப் பாடுவதுபோல் தோன்றும். ஒலிப்பதிவிலும் அவர் குரலே மேலோங்கும். ஆகவே ஒவ்வொரு காலத்திலும் ஓர் ஆவர்த்தனம் ஆசிரியர் வாய்மூடித் தாளம்கூடப் போடாமல் இருக்க வேண்டும். சுருதிப் பெட்டி மட்டும் ஒலிக்கும் அந்தச் சில நொடிகள்தான் நம்பத்தக்க சான்று. கை தெரியும்படி காணொளியாக எடுப்பது இன்னும் நல்லது. அதற்குப் பெற்றோரின் சம்மதம் முன்கூட்டியே வேண்டும்.

வகுப்பு முடிந்த பத்து நிமிடத்துக்குள் குறிப்பேடு எழுதிவிட வேண்டும். மறுநாள் எழுதினால் நன்றாகப் பாடிய பிள்ளைகள் மட்டுமே நினைவில் நிற்பார்கள்.

அறிக்கையில் தோற்ற சுற்றுகளும் இடம்பெற வேண்டும். வகுப்பின் சூழலும் வேண்டும். எத்தனை பிள்ளைகள், வாரத்தில் எத்தனை மணி நேரம், வீட்டில் பாடுவோர் உண்டா என்பவை தெரியாமல் இன்னொரு ஆசிரியர் அந்த முறையைத் தம் வகுப்புக்கு எடுத்துச்செல்ல முடியாது. பரதநாட்டியம் கற்கும் பிள்ளைகளைத் தனியே குறிப்பது அவசியம். அவர்களுக்குத் தட்டடவிலேயே மூன்று காலமும் காலில் ஏறியிருக்கும்.