விளக்கொளியில் இறால் பிடித்தல்
வாவியோரக் கமக்காரருக்குச் சில குறிப்புகள்

வாவியோரத்திற் குடியிருக்கும் கமக்காரருக்கு வயலும் தோட்டமும் மட்டுமன்றி இன்னுமொரு விளைநிலம் உண்டு. உழவு, விதைப்பு, பசளை என்னும் செலவுகள் எவையுமின்றி அது விளைவு தருகின்றது. அந்த விளைநிலம் வாவியே. அதன் விளைவுகளுள் இறால் சிறந்தது. அறுவடை முடிந்து கையில் ஓய்வுள்ள நாட்களில், ஒரு விளக்கும் ஓர் அத்தாங்கும் கொண்டு இரண்டு மணி நேரம் வாவியில் இறங்கினால் குடும்பத்துக்கு வேண்டிய கறியைப் பெறலாம். ஆயினும் விதைநெல்லை உண்பவன் மறுபோகத்தில் வெறுங்கையனாவான். இறாலுக்கும் இவ்விதி பொருந்தும். ஆகவே பிடிக்கும் முறையோடு காக்கும் முறையையும் இத்துண்டுப்பிரசுரத்தில் விளக்குகிறோம். இங்கே கூறுவன மட்டக்களப்பு வாவியை முன்வைத்துக் கூறப்படினும், பிறவிடங்களிலுள்ள களப்புகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

1. இறால் வளரும் வகை

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. கிழக்கே எழுவான்கரையும் மேற்கே படுவான்கரையும் அதனைச் சூழ்ந்துள்ளன. பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் அது கடலோடு கலக்கின்றது. மழை பெருகும் மாரிகாலத்தில் முகத்துவாரம் திறக்கும். கோடையில் மணல் திரண்டு அதனை மூடிவிடும். இவ்வாறு திறந்து மூடுவதே இறாலின் வாழ்வை நடத்தும் கதவாகும்.

வாவியில் அகப்படும் வெள்ளை இறாலும், கரும்பட்டைகளையுடைய வரி இறாலும் முட்டையிடுவது வாவியிலன்று, கடலிலே. ஒரு பெண் இறால் ஒரு தடவையில் இலட்சக்கணக்கான முட்டைகளை இடும். முட்டைகள் ஒரு நாளுக்குள்ளே பொரித்துவிடும். நீரோடு மிதந்து திரியும் குஞ்சுகள் பல முறை உருமாறி, இரண்டு மூன்று வாரங்களில் ஏறத்தாழ அரை அங்குல நீளமடைந்து, திறந்திருக்கும் முகத்துவாரத்தின் வழியே வாவிக்குள் நுழைகின்றன. கடற்புற்றரையும், கண்டல், கிண்ணை ஆகிய மரங்களின் வேரடியும் அவற்றுக்கு உணவும் மறைவிடமும் அளிக்கின்றன. அங்கே சில மாதங்கள் வளர்ந்து, முகத்துவாரம் திறந்திருக்கும்போது மீண்டும் கடலுக்குச் சென்று அங்கே முதிர்ந்து முட்டையிடுகின்றன.

இதிலிருந்து கமக்காரர் அறியவேண்டிய உண்மை ஒன்றுண்டு. வாவியில் நாம் காணும் கடலிறால்கள் பெரும்பாலும் இன்னும் முட்டையிடாத இளம் இறால்களே. வாவி அவற்றின் நாற்றுமேடை. நாற்றுமேடையை முழுவதும் வெட்டி மாட்டுக்குப் போட்டால் வயலில் நடுவதற்கு எது மிஞ்சும்?

2. ஏற்ற காலமும் இடமும்

இறால் பகலில் சேற்றிலும் மணலிலும் புதைந்து கிடக்கும். இருள் சூழ்ந்தபின் வெளிவந்து இரை தேடும். ஆகவே இரவே பிடிக்குங் காலமாகும். நிலவொளி பரந்திருந்தால் விளக்கின் வெளிச்சம் எடுபடாது. அமாவாசைக்கு முன்னும் பின்னுமுள்ள ஐந்தாறு இரவுகள் ஏற்றவை. பொழுது பட்டு ஒரு மணி நேரத்தின் பின் இறங்குதல் நலம்.

காற்று வீசும் இரவுகளில் நீர் அலைந்து அடித்தரை தெரியாது. மழை வெள்ளம் வந்த நாட்களில் நீர் கலங்கியிருக்கும். பெரும்போக அறுவடைக்குப் பின், நீர் வற்றித் தெளியத் தொடங்கும் மாதங்களில், காற்று அடங்கிய இரவைத் தெரிந்துகொள்க.

முழங்காலளவு நீரும், கால் புதையாத மணல் கலந்த தரையும் உள்ள இடமே சிறந்தது. கடற்புற்றரையின் விளிம்பிலும், வாய்க்கால் வாவியோடு சேருமிடத்தின் அருகிலும் இறால் கூடும். தொழிலாளர் கட்டிய வலைகளுக்கும் தடிகளுக்கும் அருகே செல்லற்க. வாவியை நம்பி வாழ்வோரின் தொழிலுக்கு நாம் இடையூறாகலாகாது.

3. விளக்கு

முற்காலத்தில் காய்ந்த தென்னோலையைக் கட்டிச் சூள் கொளுத்தினர். அதன்பின் பெற்றோமாக்ஸ் விளக்கு வந்தது. இக்காலத்தில் பற்றறியால் இயங்கும் மின்சூளும், தலையிற் கட்டும் மின்விளக்கும் எளிதிற் கிடைக்கின்றன. தலைவிளக்கு இரு கைகளையும் ஓய்வாக விடுவதால் மிக வசதியானது. பெற்றோமாக்ஸ் விளக்கைக் கொள்வோர், பிடிப்பவரின் பக்கத்திலே தகரத் துண்டொன்றை மறைப்பாகக் கட்டவேண்டும். இல்லையேல் வெளிச்சம் கண்ணைக் கூசச்செய்து நீரினுள் ஒன்றும் தெரியாது.

வீட்டு மின்சாரத்தைக் கம்பி மூலம் வாவிக்குக் கொண்டுவருதல் உயிரைப் போக்கும் செயலாகும். எக்காரணங் கொண்டும் அதனைச் செய்யற்க.

4. அத்தாங்கு

அத்தாங்கினை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். வளைத்த பிரம்பையோ தடித்த கம்பியையோ ஒன்றரை அடிக் குறுக்களவுள்ள வளையமாக்குக. நான்கு அல்லது ஐந்து அடி நீளமான, பாரமற்ற மூங்கிலைப் பிடியாகப் பொருத்துக. வலைப்பை ஒன்றரை அடிக்குக் குறையாத ஆழமுடையதாயிருத்தல் வேண்டும். பை ஆழமாயிருந்தால், அள்ளியதும் பிடியைத் திருப்ப, பை வளையத்தின்மேல் மடிந்து வாய் மூடிக்கொள்ளும். இறால் துள்ளி வெளியேறாது.

வலைக்கண்ணின் ஒரு பக்கம் அரை அங்குலத்துக்குக் குறையலாகாது. நுளம்புவலையையும் சேலைத்துணியையும் கட்டி அள்ளுவோர் சிலருளர். அவ்வாறு அள்ளும்போது ஒரு கறிக்கும் உதவாத குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் மடிகின்றன. இவ்வழக்கத்தை அறவே விடவேண்டும்.

பிடியின் மேல் நான்கு அங்குல இடைவெளியில் இரண்டு வெட்டுக் குறிகள் இடுக. இதன் பயன் பின்னர் விளங்கும்.

5. பிடிக்கும் முறை

இருவர் சேர்ந்து செல்லுதல் சிறந்தது. ஒருவர் விளக்கையும் பறியையும் கொள்க. மற்றவர் அத்தாங்கைக் கொள்க.

(அ) நீரோட்டமிருந்தால் அதனை எதிர்த்து நடக்கவேண்டும். அப்போது காலாற் கலங்கும் சேறு பின்னே செல்லும்; முன்னேயுள்ள நீர் தெளிவாயிருக்கும்.

(ஆ) காலைத் தூக்கி வைக்காது தரையோடு தேய்த்து மெல்ல நடக்க. நீர் சளசளத்தால் இறால் விலகிவிடும். மேலும், மண்ணிற் புதைந்து கிடக்கும் திருக்கை காலடியின் அசைவை உணர்ந்து அகன்று செல்லும்.

(இ) வெளிச்சத்தை நீரின்மேல் சாய்வாக வீசுக. இறாலின் கண்கள் அவ்வெளிச்சத்தில் செந்நிறத் தணற்பொறிகள் போல மின்னும். ஒளியைச் சட்டென்று விலக்காமலும் ஆட்டாமலும் அதன்மேல் நிறுத்துக.

(ஈ) அஞ்சிய இறால் முன்னோக்கி ஓடாது. வாலை மடித்து அடித்துப் பின்னோக்கியே பாயும். புதிதாகப் பழகுவோர் முன்புறத்திலிருந்து அள்ள முயன்று வெறும் நீரையே அள்ளுவர். அத்தாங்கின் வாயை இறாலின் வாற்புறத்திலே, தரையைத் தொட வைத்துக்கொள்க. பின்னர் காலாலோ சிறு தடியாலோ தலைப்பக்கத்தை மெல்லத் தீண்டுக. இறால் தானாகவே பைக்குட் பாயும்.

(உ) உடனே அத்தாங்கை உயர்த்திப் பிடியைத் திருப்புக. அதன்பின் இறாலை அளந்து பறியிலிடுக.

6. எதனைக் கொள்ளலாம், எதனை விடவேண்டும்

கண்ணிலிருந்து வால் நுனிவரை அளக்கும்போது, பிடியிலிட்ட நான்கு அங்குலக் குறிக்குள் அடங்கும் இறாலை அங்கேயே நீரில் விடுக. கரைக்குக் கொண்டுவந்தபின் தெரிந்தெடுத்து எறிவதிற் பயனில்லை. அதற்குள் அது இறந்துவிடும். சட்டை கழற்றிய இறால் மென்மையாயிருக்கும். கூட்டிலே சதை நிறைந்திராது. விரைவிற் கெட்டும் போகும். அதனையும் விடுதல் நலம்.

ஆறும் வாய்க்காலும் வாவியிற் கலக்குமிடங்களில் நீண்ட நீலக் கால்களையுடைய நன்னீர் இறாலும் அகப்படும். இதன் பெண் முட்டைகளை வயிற்றின் கீழே சுமந்து திரியும். முட்டைக் கொத்து முதலிற் செம்மஞ்சளாயும், பொரிக்குங் காலத்திற் சாம்பல் நிறமாயும் இருக்கும். முட்டை சுமக்கும் பெண்ணை எவ்வளவு பெரிதாயினும் விட்டுவிடுக. குளங்களில் நன்னீர் மீனவர் சங்கங்கள் இறாற்குஞ்சுகளை இட்டு வளர்க்கின்றன. அங்கே சங்கத்தின் அனுமதியின்றிப் பிடித்தல் பிறர் வயலில் அறுவடை செய்வதற்கு ஒப்பாகும்.

களப்புக்குக் களப்பு விதிகள் வேறுபடும். விளக்கு வைத்துப் பிடித்தல் பற்றியும் அனுமதிப்பத்திரம் பற்றியும் உங்கள் பகுதிக் கடற்றொழில் பரிசோதகரிடம் முன்னரே கேட்டறிக.

7. வயலிலிருந்து வாவிக்குச் செல்லும் நஞ்சு

கமக்காரர் மிகவுங் கருத்திற்கொள்ள வேண்டிய பகுதி இதுவே. பூச்சியும் இறாலும் ஒரே பெருங்குலத்தைச் சேர்ந்த கணுக்காலிகள். இரண்டும் சட்டை கழற்றி வளர்வன. ஆகையால் பூச்சியைக் கொல்லும் நஞ்சு இறாலையும் கொல்லும். மீன் தாங்கிப் பிழைக்கக்கூடிய மிகச் சிறிதளவு நஞ்சும் இறாற்குஞ்சுக்குப் போதுமானதாகலாம். இலங்கையில் 1998ஆம் ஆண்டில் தடைசெய்யப்பட்ட எண்டோசல்பான் நீருயிர்களுக்கு மிகக் கொடியதாயிருந்தது. இன்று விற்கப்படும் பூச்சிநாசினிகள் பலவும் இறாலுக்குத் தீங்கானவையே.

படுவான்கரை வயல்களின் கழிவுநீர் வாய்க்கால்கள் வழியாக வாவியையே சென்றடைகின்றது. சிறுபோகத்தில் முகத்துவாரம் மூடியிருக்கும். வாவி நீர் குறைந்திருக்கும். அப்போது உட்செல்லும் நஞ்சு கடலுக்குப் போக வழியின்றி, இறால் வளரும் அதே நீரிலே தங்கிவிடும். ஆகவே பின்வருவனவற்றைக் கைக்கொள்க.

(அ) பூச்சியைக் கண்டவுடன் மருந்தை நாடாது, வயலில் இறங்கி எண்ணிக்கையைப் பார்த்து, சேதம் எல்லை கடக்கும் என்று தெரிந்தால் மட்டுமே தெளிக்க. ஐயமிருப்பின் கமநல சேவை நிலையத்திற்குச் சென்று விவசாயப் போதனாசிரியரைக் கேட்க.

(ஆ) தெளிக்குமுன் வக்கடையைக் கட்டுக. தெளித்தபின் சில நாட்களுக்கு, புட்டியில் ஒட்டியுள்ள அறிவுறுத்தலிற் கூறியவாறு, நீரை வயலிலேயே நிறுத்துக.

(இ) மழை மூடிவரும் நாளில் தெளிக்கற்க.

(ஈ) தெளிகருவியை வாய்க்காலிலோ வாவியிலோ கழுவற்க. கழுவிய நீரை வயலின் நடுவே ஊற்றுக. வெறும் புட்டிகளையும் நீரில் எறியற்க.

நீரில் நஞ்சைக் கலந்து மீனும் இறாலும் பிடிக்கும் தீயோர் சிற்சில இடங்களில் உளர். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீருயிரின வளங்கள் சட்டத்தின்படி இது குற்றமாகும். சட்டத்தினும் பெரிய காரணமொன்று உண்டு: அவ்விறாலை உண்பவர் நம் அயலவரின் குழந்தைகளே.

வெள்ளம் வயலை மூடும்போது முகத்துவாரத்தை வெட்டும்படி கமக்காரர் கேட்பதும், இறால் கடலுக்குப் போய்விடுமென்று மீன்பிடிப்போர் தயங்குவதும் உண்டு. இரு சாராரும் கூடிப் பேசி, அதிகாரிகள் மூலம் நாளைத் தீர்மானித்தலே முறை. தனியொருவர் தம் எண்ணப்படி வெட்டுதல் தகாது.

8. உயிர்க்காவல்

தனியே செல்லற்க. செல்லுமிடத்தை வீட்டாரிடம் கூறிச் செல்க. முன்னரே பகலிற் சென்று ஆழத்தையும் பள்ளங்களையும் பார்த்து வைக்க. வாவியில் முதலைகள் உள்ளன. அவை நடமாடும் ஓடைவாய்களையும் கண்டல் மரச் செறிவையும் தவிர்க்க. காலுக்கு றப்பர்ச் சப்பாத்து அணிக. காலிற் புண்ணுள்ளவர் நீரில் இறங்காதிருத்தல் நலம். இடி மின்னல் தொடங்கினால் உடனே கரையேறுக. திருக்கையோ கெளிறோ குத்தினால், தாங்கக்கூடிய சூடுள்ள நீரிற் காலை வைத்திருக்க நோவு தணியும். பின்னர் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்க.

9. பிடித்த இறாலைப் பேணுதல்

இறால் இறந்த சிறு நேரத்துக்குள் தலைப்பக்கத்திலிருந்து கெடத் தொடங்கும். பறியில் ஈரச் சாக்கு விரித்து அதில் இறாலை இடுக. கரையேறியதும் நல்ல நீரிற் கழுவித் தலையை அகற்றுக. மறுநாளுக்கு வைப்பதாயின் இறாலின் நிறைக்குச் சமமான பனிக்கட்டியில் அடுக்கி வைக்க. மிகுதியானவற்றை உப்பு நீரிற் சிறிது நேரம் அவித்து, பாயிற் பரப்பி, நல்ல வெயிலில் நன்றாக உலர்த்திக் கருவாடாக்கலாம். மணலிற் பரப்பி உலர்த்தினால் மண் ஒட்டும், ஈயும் மொய்க்கும்.

தலையையும் கோதையும் எறிந்துவிடாது, உப்புப் போகக் கழுவி, கூட்டெருக் குழியில் இலைகுழை, சாணம் ஆகியவற்றின் நடுவே ஆழமாக இடுக. நைதரசனும் சுண்ணாம்பும் நிறைந்த அக்கழிவு நன்கு மக்கியபின் கத்தரி, மிளகாய், வெங்காயப் பாத்திகளுக்கு நல்ல பசளையாகும்.

கமக்காரரே, வாவியின் விளைவு நம் வயலின் வரம்போடு தொடர்புடையது. இரவிலே சிறிய இறாலை நீரில் விடும் கையும், பகலிலே மருந்து தெளிக்குமுன் வக்கடையைக் கட்டும் கையும் ஒன்றே. அவ்விரண்டு செயல்களையும் தவறாது செய்வோமாயின், அடுத்த கோடையில் விளக்கேந்தி வாவியில் இறங்கும் நம் பிள்ளைகளும் நீரினுள்ளே அச்செந்நிறக் கண்களைக் காண்பர்.